விளக்குக்காரியின் கன்னச் சிவப்பு

ரோஸி நேனிக்குக் காமிக்ஸ் என்றாலே வேப்பங்காய். ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஆனால் இருபத்தாறு வருடமாக அவற்றுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தாள். எல்லா நீலமும் கிடையாது. வெளிர்நீலம் மட்டும். அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து வெளிர்சிவப்புப் பூசியவள் நான், ஃபிலோமினா இட்ஸோ. அதனால் அவளைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. அப்படி யாராவது வந்தால் என்னிடம் அனுப்பிவையுங்கள், பேசிக்கொள்கிறேன்.

பிரிட்ஜ்போர்ட்டில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய உள்ளாடைத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில்தான் எங்கள் பட்டறை. நியூயார்க்கில் ஒருவர் கதை எழுதுவார், ஒருவர் படம் வரைவார், இன்னொருவர் அதன் நகலில் வண்ணம் தீட்டி, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று எண் போட்டு எங்களுக்கு அனுப்புவார். நாங்கள் பதினான்கு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம், ஒரு கண்ணாடித் தாள். என் தாளில் வெளிர்சிவப்பு வர வேண்டிய இடங்களை மட்டும் நான் நிரப்புவேன், அவள் தாளில் வெளிர்நீல இடங்களை மட்டும் அவள் நிரப்புவாள். வேடிக்கை என்னவென்றால், எல்லோர் தூரிகையிலும் இருப்பது ஒரே செங்காவி மைதான். அச்சகத்தில்தான் என் காவி சிவப்பாகும், அவள் காவி நீலமாகும். மூன்று மாதம் கழித்துக் கடையில் புத்தகம் தொங்கும்போதுதான் நாங்கள் பூசியது என்ன என்று எங்களுக்கே தெரியும். பாதிப் பேர் அப்போதும் போய்ப் பார்ப்பதில்லை.

'நேனி' என்றால் ரோஸியின் ஹங்கேரி ஆட்கள் பேச்சில் அத்தை. பட்டறையில் இத்தாலிக்காரி, போர்ச்சுகல்காரி, போலந்துக்காரி என்று எல்லோருக்கும் அவள் நேனிதான். குள்ளம், அகலம், குரல் மட்டும் ஆறடி. மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் முட்டைகோஸ் இலைச் சுருள் வாசனை படிக்கட்டு வரை போகும். என் மிளகாய் முட்டை ரொட்டியைத் தினமும் எட்டிப் பார்த்து ஒரே கேள்வி கேட்பாள்.

"இன்னிக்கும் அதேதானா? உன் புருஷன் இன்னும் ஓடிப் போகலையா?"

திங்கள் முதல் வெள்ளி வரை எங்களோடு நீலம். சனிக்கிழமை அவளுக்கு வேறு வேலை. அவளுடைய கொழுந்தன் கலம்போஷ் ஈமச்சடங்கு இல்லம் நடத்தினான். இறந்தவர்களை மூன்று நாள் பார்வைக்கு வைக்கும் முன் முடி சீவி, பவுடர் போட்டு, கன்னத்தில் சாயம் தொட்டு, உதட்டில் ஒரு கோடு இழுத்து 'ஆளாக்குவது' ரோஸி நேனியின் பொறுப்பு. மேற்குப் பகுதியில் ஹங்கேரிக் குடும்பத்துப் பெண்கள் யாரும் அவள் கை படாமல் மண்ணுக்குள் போனதில்லை. சிலர் உயிரோடு இருக்கும்போதே வந்து, எனக்கு அந்த ரோஜா நிறம் வேண்டாம், பவழம் போடு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவள் புருஷன் பேலா போய் ஒன்பது வருடம். இரண்டு பிள்ளைகளும் கலிபோர்னியாவில். ஒருநாள் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இந்த மேசை மட்டும் இல்லேன்னா நான் வீட்ல சுவரோடதான்டி பேசணும். சனிக்கிழமை எங்கிட்ட வர்றவங்க நல்லவங்கதான். ஆனா ஒருத்தரும் திருப்பிப் பேச மாட்டேங்கறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்த மேசைக்கு ஆபத்து வந்தது அவள் வாயால் இல்லை, அவள் தொழில் பெருமையால். எங்கள் மேற்பார்வையாளர் வார்ட்வெல் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பையன்களின் பேஸ்பால் ஆட்டத்துக்கு நடுவராகப் போகிறவர். அந்தக் கிறுக்கைப் பட்டறைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். டைம் கார்டு அடிக்கும் இடத்தில் ஒரு கரும்பலகை. அதில் எங்கள் பெயர்கள். குறிப்பை மீறி யாராவது பூசினால் பெயருக்கு நேரே ஒரு சுண்ணாம்புக் கோடு. பேஸ்பாலில் மூன்று தப்புக்குப் பிறகு அனுப்புவதுபோல, மூன்று கோடு விழுந்தால் ஆள் வெளியே. மனுஷர் கெட்டவர் இல்லை, ஆனால் விதி என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் ஆட்டத்திலிருந்து அனுப்பிவிடுவார்.

ரோஸி நேனி பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு கோடு.

முதல் கோடு புல்லுக்காக. நவம்பர் மாதக் கல்லறைத் தோட்டம், குறிப்பில் பச்சை. பச்சைக்கு மஞ்சளோடு நீலமும் வேண்டும். இவள் நீலத்தைப் பூசவே இல்லை. புல் காய்ந்து மஞ்சளாக வந்தது. "நவம்பர்ல எந்த ஊர்ல புல்லு பச்சையா இருக்கு? வாரா வாரம் அங்க நிக்கிறவ நானா, குறிப்பு எழுதினவனா?" என்று கேட்டாள். இரண்டாவது கோடு ஒரு பேய்க்காக. கல்யாணத்துக்கு முந்தின நாள் செத்துப்போன பெண்ணின் பேய், வெளிர்நீல உடையில் வருகிறது. இவள் அதையும் பூசாமல் விட்டாள். கன்னியாகச் செத்தவளுக்கு வெள்ளைக் கல்யாண உடுப்புதான் போடுவார்கள், வேறு நிறம் போடுவது பாவம் என்றாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பேய் என்றால் எப்படி இருக்கும்? வரைந்த கோடுகளை உற்றுப் பார்த்தால்தான் பேய் தெரிந்தது. அன்று வார்ட்வெல் கோட்டைப் போடும்போது சுண்ணாம்பு இரண்டாக உடைந்தது.

இது இப்படியிருக்க, எழுபத்து நான்காம் வருடம் அக்டோபரில் 'கல்லறை நால்வர்' இதழின் பக்கங்கள் வந்தன. அப்போது அதற்கு ஏகக் கிராக்கி. வெண்கலக் கவசம் போட்ட ஒரு பலசாலி, பறக்கும் ஒருவன், பாதி ஓநாயான ஒருவன், இவர்களோடு விளக்குக்காரி. பேய்கள் கண்ணுக்குத் தெரியாது, அவள் லாந்தரைத் தூக்கினால்தான் தெரியும். அவள் இல்லையென்றால் மற்ற மூன்று ஆண்களும் காற்றைக் குத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த இதழில் புதைகுழிகளின் அரசன் மூன்று பேரையும் மண்ணுக்குள் இழுக்கிறான். விளக்குக்காரி தன் உயிரையே எண்ணெயாக ஊற்றி விளக்கை எரித்து அவர்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகிறாள். கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம்: திறந்த சவப்பெட்டியில் விளக்குக்காரி, சுற்றிலும் மூன்று பேர் தலைகுனிந்து, மலர் வளையங்கள், மெழுகுவர்த்திகள்.

காமிக்ஸே பிடிக்காத ரோஸி நேனி அந்தப் பக்கத்தை மதியச் சாப்பாட்டையும் மறந்து பார்த்தாள். நகலில் விளக்குக்காரியின் முகத்துக்குக் கொஞ்சம் மஞ்சள், அந்த மஞ்சளுக்கு மேல் முழுக்க நீலம்.

"என்னடி இது, மூஞ்சி நெய்வேலிக் கரி மாதிரி..." என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள், அந்த ஊரெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும். பிற்காலத்தில் சென்னைக்காரி ஒருத்தியோடு பதினைந்து வருடம் குடித்தனம் பகிர்ந்து, அவளிடம் கற்ற மொழியில் இதை எழுதுகிறேன், அதனால் சில நேரம் என் கை தானாக ஓடிவிடுகிறது. நேனி சொன்னது இதுதான்.

"என்னடி இது, மூஞ்சி ஆத்துல மூணு நாள் கெடந்தவ மாதிரி இருக்கு?"

"செத்துட்டா நேனி. செத்தவங்களுக்கு நீலம்தான். எப்பவும் அப்படித்தானே போடறோம்?"

"ரோட்ல செத்துக் கெடந்தா சரி. பெட்டிக்குள்ள வெச்சாச்சு, பூ வெச்சாச்சு, வெளக்கு ஏத்தியாச்சு, பாக்கறதுக்கு ஜனம் வந்தாச்சு. அப்புறமும் மூஞ்சி நீலமா? எந்தக் கம்மனாட்டி இல்லத்துல இவளைக் குடுத்தாங்க?"

"நேனி, இது படம்."

"படமோ பாட்டோ. மூணு பேரைக் காப்பாத்திட்டுச் செத்திருக்கா. அவளுக்கு ஒரு பவுடர் போட ஆள் இல்லையா? நான் இருக்கறப்போ?"

எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பேலாவுக்கும் அவளே தன் கையால் முகம் செய்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

பிறகு என் பக்கம் குனிந்தாள். "நான் நீலத்தை விட்டுடறேன். நீ ரெண்டு கன்னத்துலயும் சின்னதா வெச்சிடு. உதட்டுல ஒரு கோடு. அவ்வளவுதான்."

"குறிப்புல சிவப்பு இல்லை நேனி!"

"இருந்தா உங்கிட்ட ஏன்டி கெஞ்சறேன்?"

என் பெயருக்கு நேரே அதுவரை ஒரு கோடுகூட இல்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூரிகை நுனியால் இரண்டு புள்ளி, ஒரு கோடு. கன்னத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினாள், எலும்புக்குச் சற்று மேலே. தாள்களைச் சரிபார்க்க வேண்டியவர் வார்ட்வெல். அந்த வாரம் பேஸ்பால் இறுதிப் போட்டிகள். அறைக்குள் வானொலி அலறிக்கொண்டிருந்தது. எங்கள் தாள்களை ஏதோ பஸ் டிக்கெட் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

ஜனவரியில் புத்தகம் கடைக்கு வந்தது. வார்ட்வெல் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு ரோஸி நேனியின் மேசைக்கு வந்தார். வெளிர்மஞ்சள் முகம், இளஞ்சிவப்புக் கன்னம். விளக்குக்காரி அசந்து தூங்குகிறவள்போல் அழகாக இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் பூசியதிலேயே அழகான முகம் அதுதான்.

"ரோஸி, இதுல நீலம் எங்க?"

"தேவைப்படலை சார்."

அவர் பலகைக்குப் போனார். சுண்ணாம்பை எடுத்தார், வைத்தார். "நியூயார்க்குக்குச் சொல்லணும். அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுத்தான் கோடு" என்றார். மூன்றாவது கோடு என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும். என் சிவப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. நீலம் போனதால் சிவப்பு தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை.

ஆறு வாரம் ரோஸி நேனி ஒவ்வொரு காலையும் பலகையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரத்தில் தான் வளர்த்த செடியை ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போனாள். "குளிருது அதுக்கு" என்றாள். செடி ஏழு குளிர்காலம் அங்கேயே இருந்தது.

மார்ச்சில், பனி சேறாகிக் கிடந்த ஒரு காலை, நியூயார்க்கிலிருந்து எடிட்டரே ரயிலில் வந்து இறங்கினார். ஹெர்ப் லிப்னிக். ஒல்லி, கழுத்துப் பட்டை கோணல், இரண்டு கையிலும் இரண்டு சாக்குப் பை. நேராக நடுக்கூடத்துக்கு வந்து பைகளை மேசைமேல் கவிழ்த்தார். கடிதங்கள். மேசை நிறைந்து தரையிலும் விழுந்தன.

"அந்தக் கடைசிப் பக்கத்துக்கு நீலம் பூசினது யாரு?"

"பூசாதது நான்தான்" என்று ரோஸி நேனி எழுந்து நின்றாள். நின்றாலும் உட்கார்ந்தாலும் அவள் உயரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

"அம்மா, நான் சண்டைக்கு வரலை. எனக்கு ஒண்ணு புரியணும். இங்க பாருங்க." ஒரு கடிதத்தை எடுத்தார். "ஒஹாயோல டாக்டருக்குப் படிக்கிற பையன். கன்னத்துல சிவப்பு இருந்தா ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம், விளக்குக்காரி சாகலைன்னு மூணு பக்கம் எழுதியிருக்கான். நெப்ராஸ்கால ஒருத்தன் போன மூணு இதழ்லேர்ந்து பதினோரு ஆதாரம் காட்டறான். எல்லாம் நாங்க ஒரு வருஷமா போட்ட திட்டமாம். நானும் வாசகர் பக்கத்துல எப்பவும் பெருமையா எழுதுவேன், எங்க இதழ்ல எதுவும் தற்செயலா நடக்காதுன்னு. அதனால இப்ப நான் என்ன திட்டம் போட்டிருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வார்ட்வெல் சிரிக்கவில்லை. அவர் பலகைக்குப் பக்கத்தில், கையில் சுண்ணாம்போடு நின்றார்.

"நீலத்தை விட்டது நீங்க. சரி," என்றார் லிப்னிக். "சிவப்பு தானா வராதே. அது யாரு?"

ரோஸி நேனி சட்டென்று, "அதுவும் நான்தான். அவ எழுந்து போனப்போ அவ தூரிகையை எடுத்தேன்" என்றாள்.

பச்சைப் பொய். இன்னொருத்தி தூரிகையைத் தொடுவதற்குப் பதில் அவள் செத்தே போவாள். எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"நான் வெச்சேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொருமுறை சத்தமாகச் சொன்னேன். "கன்னமும் உதடும் நான். அவங்க என் தூரிகையைத் தொடலை."

"உக்காருடி கழுதை!" என்றாள் ரோஸி நேனி.

"மாட்டேன்."

லிப்னிக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்?" என்றார்.

"பெட்டியைத் திறந்து வெச்சிருக்கீங்களே சார்," என்றாள் நேனி. "திறந்து வெச்சா மூஞ்சி செய்யணும். பவுடர், கன்னம், உதடு. நான் சனிக்கிழமை சனிக்கிழமை செய்யறேன். நீலமா எவளையும் ஜனத்துக்கு முன்னாடி வெச்சதில்லை. நீங்க எத்தனை சாவுக்குப் போயிருக்கீங்க?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "போயிருக்கேன். ஆனா எங்க யூத ஆளுங்கள்ல பெட்டியை மூடிடுவாங்க. மறுநாளே அடக்கம். உள்ள எப்படி இருப்பாங்கன்னு நான் பார்த்ததே இல்லை. போன வருஷம் எங்க அம்மா..." நிறுத்திவிட்டார்.

ரோஸி நேனியின் குரல் முதல்முறையாக ஆறடியிலிருந்து இறங்கியது.

"உங்க பக்கத்துப் பொம்பளைங்க நல்லா செய்வாங்க சார். எனக்குத் தெரியும். குளிப்பாட்டி, முடி சீவி, புது வெள்ளைத் துணி உடுத்தி, கூடவே உக்காந்திருப்பாங்க. உங்க அம்மாவைத் தனியா விட்டிருக்க மாட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார், அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிறகு கடிதக் குவியலில் கிளறி ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். பென்சிலில் எழுதியது. அவள் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் நான்தான் படித்தேன். டல்சாவிலிருந்து ஒரு சிறுமி. 'அவளை யாரோ நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எனக்குப் பயம் இல்லை. நன்றி.' அவ்வளவுதான் கடிதம்.

ரோஸி நேனி அதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எடிட்டரின் சொத்தாயிற்றே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வார்ட்வெல் தொண்டையைச் செருமினார். "மிஸ்டர் லிப்னிக், விதின்னு ஒண்ணு இருக்கு. குறிப்பை மீறினா கோடு. ரோஸிக்கு இது மூணாவது."

"குறிப்பே தப்பா இருந்தா?"

"அப்ப குறிப்பு குடுத்தவருக்குத்தான் கோடு."

"அப்ப என் பேரை எழுதுங்க. நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்."

வார்ட்வெல் யோசித்தார். நடுவராயிற்றே, விதிப்படி சரியாக இருந்தது. பதினான்கு பெண்களின் பெயருக்குக் கீழே, பதினைந்தாவதாக 'ஹெச். லிப்னிக்' என்று எழுதி ஒரு கோடு போட்டார். ஃபிலோமினா இட்ஸோவின் பெயருக்கு நேரேயும் ஒன்று போட்டார், ஏனென்றால் நான் கேட்டு வாங்கினேன். திங்கட்கிழமை செடி ஜன்னலுக்குத் திரும்பி வந்தது.

விளக்குக்காரி ஜூன் இதழில் பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். எல்லாம் ஒரு வருடத் திட்டம் என்று வாசகர் பக்கத்தில் லிப்னிக் எழுதினார். கூசாமல் எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடியும் செத்தாள். இந்த வீரர்களுக்கு அது ஒரு பழக்கம். நகல் வந்த அன்று வார்ட்வெல் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ரோஸி நேனியின் மேசைக்கு வந்தார். திறந்த பெட்டி, பூக்கள், மெழுகுவர்த்திகள். எல்லா இடத்துக்கும் எண் இருந்தது. முகமும் உடுப்பும் மட்டும் வெறுமையாக இருந்தன. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'ரோஸியைக் கேட்கவும்.'

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சனிக்கிழமைக் குரலில் கேட்டாள்.

"வயசு என்ன?"

"யாருக்கு?" என்றார் வார்ட்வெல்.

"செத்தவளுக்கு. கல்யாணம் ஆனவளா?"

"ரோஸி, அவ பேய் ஓட்டறவ. எனக்கு எப்படித் தெரியும்?"

"விசாரிக்காம மூஞ்சி செய்ய முடியாது சார்."

வார்ட்வெல் தன் அறைக்குப் போய் நியூயார்க்குக்குத் தொலைபேசினார். கதவு திறந்தே இருந்தது. ஒரு வளர்ந்த மனிதர், சட்டைப் பையில் சுண்ணாம்போடு, விளக்குக்காரிக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று மூன்று பேரிடம் மாறி மாறிக் கேட்டதை நாங்கள் பதினான்கு பேரும் கேட்டோம். திரும்பி வந்தார்.

"முப்பத்தி ஒண்ணாம். ஆகலையாம்."

"அப்ப வெள்ளை உடுப்பு," என்றாள் ரோஸி நேனி. "நீலம் வேண்டாம். ஃபில், கன்னத்துக்குக் கொஞ்சம் எடு."

நான் தூரிகையை மையில் தொட்டேன். வார்ட்வெல் அங்கேயே சற்று நின்றார். பிறகு கரும்பலகைக்குப் போய், ரோஸியின் பெயருக்கு நேரே அந்த வெள்ளைப் பேய்க்காகப் போட்ட இரண்டாவது கோட்டைக் கட்டைவிரலால் அழித்தார்.